லெப்ட் பேக் வாங்கிய ஈரல்

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு பையன்கள் ஏதாவது ஒரு வளைந்த கம்பை வைத்துக்கொண்டு பந்தை விரட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் போய் நான் கால்பந்துப் பைத்தியமாக இருந்தேன் என்றால் என் தலையெழுத்தை என்னவென்று சொல்ல. எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது. நூல் மில் ஒன்றில் எனக்கு டைம் ஆபீஸ் கிளார்க் வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தான், யார் சொல்லாமல் நின்றான், யார் மாமனாரை இரண்டாவது தடவையாகச் சாகடித்து லீவு கேட்கிறான் என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பத்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு, பெற்ற தாய் சொன்னாலும் இன்னொரு ஆளிடம் விசாரிக்கத் தோன்றும்.

என் மனைவி சொல்லுவாள்: "ஒங்களுக்குச் சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும், இவரு எதுக்கு இங்கன வந்தாருன்னுதான் மொதல்ல கேப்பீங்க." கேட்டால் என்ன தப்பு?

எங்கள் மில்லுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. அணி என்று சொல்வதே பெரிய மனதுதான். பாதிப் பேர் ஹாக்கியில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு. அந்தப் பழக்கம் இவர்களுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. பந்து காலில் பட்டதும் ஒரு கணம் திடுக்கிட்டு நடுவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு கணத்தில் எதிராளி பந்தைக் கொண்டு போய்விடுவான். "கால்ல படாம வேற எதுலலே படும்? இது புட்பால்லே!" என்று கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவேன். சென்டர் பார்வர்டு நல்ல உயரம். ஆனால் தலையால் முட்ட மாட்டான். எண்ணெய் வைத்துச் சீவிய முடி கலைந்துவிடுமாம். கோல் காக்கிற கோலிக்கு வாய் ஓயாது. பந்து எங்கே கிடந்தாலும் "இடது, இடது, பின்னால, ரெண்டடி முன்ன வா" என்று ஏலம் போடுகிற ஆள் மாதிரி கத்திக்கொண்டே இருப்பான். பந்தைப் பிடிக்கத் தெரியாதவன்தான் வாயால் பிடிப்பான் என்று நான் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கேப்டன் டாஸில் செய்கிற காரியம்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சைக்கிளை மேற்கே மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். மைதானமும் கிழமேலாகக் கிடந்தது. கரிசலின் மேல் செம்மண்ணைக் கொட்டிச் சமன் செய்த மைதானம். கோப்பைப் போட்டி நடப்பதும் அந்தக் காற்று மாதத்தில்தான். காற்றடிக்கிற மைதானத்தில் விவரமானவன் என்ன செய்வான்? தெம்பாக இருக்கும்போது எதிர்க்காற்றில் ஆடுவான். களைத்துப்போன பிறகு காற்று முதுகில் இருக்கும்படி பார்த்துக்கொள்வான். எங்கள் கேப்டனோ டாஸ் ஜெயித்தால் ஒவ்வொரு தடவையும் மேற்குக் கோலைத்தான் முதலில் கேட்பான். முதல் பாதியில் காற்று முதுகில். இரண்டாம் பாதியில், எல்லாரும் நாக்குத் தள்ளி நிற்கும்போது, கிழக்குக் கோலில் நின்றுகொண்டு எதிர்க்காற்றில் ஆடுவான்கள். மூளை இருக்கிறவன் செய்கிற வேலையா இது?

கேப்டன் மில்லில் பிட்டர். கெட்டிக்காரன். அதனால்தான் எனக்குச் சந்தேகம். முட்டாள் செய்தால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா, எதிர்க்காத்தை ஏன் கடைசிக்கு வைக்கிய? சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"கோட்டுக்கு வெளிய நின்னு பேசுதீங்க அண்ணாச்சி. உள்ள எறங்குனா வேற கணக்கு."

"என்ன கணக்கு? சொல்லு, கேப்போம்."

"பொறவு சொல்லுதேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தான். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று டைம் ஆபீஸில் நான் முதல் வருஷமே படித்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். சீக்கிரத்திலேயே ஒன்று பிடிபட்டது. நாங்கள் வாங்குகிற கோல் எல்லாம் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான். அதுவும் இடது பக்கமாகத்தான். அந்த இடது பக்கத்தைக் காவல் காப்பவன் எங்கள் லெப்ட் பேக்.

அவன் கழுகுமலைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பையன். பையன் என்ன, கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. மில்லில் பதிலி ஆள். பதிலி என்றால், நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் வேலை; எல்லாரும் வந்துவிட்டால் கேட்டிலிருந்தே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நான்கு வருஷமாக அப்படியே கிடந்தான். கோப்பைப் போட்டி முடிந்ததும், அணியில் ஆடுகிற பதிலிகளை நிரந்தரமாக்குவதாக மானேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆவணியில் பட்டியல் வரும். அதில் அவன் பெயர் மூன்றாவதாக இருந்தது. வரைவைச் சுத்தப் பிரதி எடுத்ததே நான்தான்.

நல்ல ஆட்டக்காரன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பாதியில் அவனைத் தாண்டி ஒரு ஈ போகாது. அவனும் ஹாக்கியிலிருந்து வந்தவன்தான், ஆனால் பந்து காலில் பட்டால் மிரள மாட்டான். அப்பேர்ப்பட்டவன் கடைசிப் பத்து நிமிஷத்தில் மட்டும் ஏன் கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்? பந்து வரும்போது ஏன் அரை நொடி தாமதிக்கிறான்? களைப்பு என்றால் மூச்சு வாங்க வேண்டும். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சி தானாக வரும். ஷிப்டுப் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசி இரண்டு வருஷத்தில் அவன் முதல் ஷிப்டைத் தவிர வேறு எந்த ஷிப்டும் பார்க்கவில்லை. மற்றப் பதிலிகள் எந்த ஷிப்டு கிடைத்தாலும் ஓடிவருவார்கள். இவன் மட்டும் இரண்டாம் ஷிப்டு இருக்கிறது என்றால், "வேண்டாம் சார், நாளைக்கு வாரேன்" என்று போய்விடுவான். சாயங்காலத்துக்கு மேல் இவனுக்கு அப்படி என்ன ஜோலி?

ஆட்டம் முடிந்ததும் அவனும் கேப்டனும் ஒட்டிக்கொண்டே போவார்கள். இவன் கை கேப்டன் தோளில் இருக்கும். கேப்டன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். வழியெல்லாம் கேப்டன் ஏதோ பேசிக்கொண்டே போவான். என்ன ரகசியம்?

பிறகு ஈரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போனால் இவன் எனக்கு முன்னால் நிற்கிறான். ஆட்டு ஈரலை இலையில் கட்டி வாங்கிப் பைக்குள் வைக்கிறான். ஒரு வாரம் என்றால் சரி. அடுத்த ஞாயிறும் ஈரல். அதற்கடுத்த ஞாயிறும் ஈரல். நிரந்தர வேலையில் இருக்கிற நானே மாசத்துக்கு இரண்டு தடவைதான் கறி எடுக்கிறேன். அந்த இரண்டு வருஷமும் மழை பொய்த்து, அவன் ஊர்ப்பக்கம் கம்பும் சோளமும் கருகிப்போய், ஜனங்கள் கூழுக்கே அல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பதிலிக்கு வாராவாரம் ஈரல் தின்ன எங்கிருந்து வருகிறது?

வீட்டில் சொன்னேன். மனைவி அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்டுல யாருக்காவது ஒடம்புக்குச் சரியில்லையோ என்னமோ. ஆரைக் கேட்டு ஆரு ஈரல் வாங்கணுங்கீங்க?" என்றாள். பெண்பிள்ளைக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக வந்தது தூத்துக்குடி அணி. அவர்கள் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் நிற்கிறேன். தூத்துக்குடி அணியோடு வந்த கண்ணாடி போட்ட ஆள் ஒருவர், எங்கள் லெப்ட் பேக்கைத் தனியாகக் கூப்பிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறார். இவன் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கும்பிடு போடுகிறான். என் கண்ணால் பார்த்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆட்டம். எங்கள் ஊரில் மைதானம் முதலில் ஹாக்கிக்குத்தான். அவர்கள் ஆடி முடித்து, மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகுதான் கால்பந்துக்கு இடம். அதனால் எங்கள் ஆட்டம் எப்போதும் ஐந்தரைக்கு மேல்தான் தொடங்கும். முடியும்போது பொழுது அடைந்திருக்கும். அன்றைக்குக் கேப்டன் டாஸில் தோற்றான். தூத்துக்குடிக்காரன் மேற்குக் கோலை எடுத்துக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் குஷி. இரண்டாம் பாதியில் காற்று எங்கள் முதுகில். ஒரு வருஷமாக நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டுக்கொண்டிருந்தது, தோற்ற டாஸில் தானாகக் கிடைத்துவிட்டது. ஆனால் கேப்டன் முகம் செத்துப்போயிருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

இடைவேளைக்கு முன்னாலேயே நாங்கள் ஒரு கோல் போட்டோம். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். ஹாக்கி பார்க்க வந்தவர்களும் போகாமல் நின்றுவிட்டார்கள். கத்தல் காதைப் பிளந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் மேற்குக் கோலில், கிழக்கே பார்த்து நின்றார்கள். கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் லெப்ட் பேக் நிற்கிற பக்கம், கோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றேன். கோலி வழக்கம்போல் கத்தினான். அன்று இருந்த கூச்சலில் அவன் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைசிப் பத்து நிமிஷம். பந்து உயரத்தில்கூட வரவில்லை; தரையோடு உருண்டு, சின்னக் குழந்தைகூடத் தடுத்துவிடுகிற வேகத்தில் அவனுக்கு இரண்டடி தள்ளிப் போனது. அவன் காலை வீசினான். வெறும் காற்றில் வீசினான். கோல். ஐந்து நிமிஷம் கழித்து அதே இடம், அதே மாதிரி. "ஏலே, பந்து அங்கன போகுதுலே!" என்று கூட்டமே அலறுகிறது. பந்து ஒரு பக்கம் போக, இவன் கூட்டம் அலறுகிற பக்கம் திரும்பி நிற்கிறான். இரண்டாவது கோல். முடிந்தது கதை.

நான் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். "எவ்வளவுலே வாங்குன? தூத்துக்குடிக்காரன்ட்ட எவ்வளவுலே வாங்குன?" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பினான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்க யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மானேஜருக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன். இடது கையால் எழுதினேன். பொட்டலம், ஈரல், ஷிப்டு, கடைசிப் பத்து நிமிஷம், எல்லாம் வரிசையாக எழுதி, இவன் விலைபோனவன், கேப்டனும் கூட்டு என்று முடித்து, கீழே 'உண்மை விளம்பி' என்று போட்டு, ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் சேர்த்தேன். ஆவணிப் பட்டியலில் அவன் பெயர் இருப்பது தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அப்படி ஒருவன் எங்கள் மில்லில் நிரந்தரமாக இருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

நான்காம் நாள் மானேஜர் இருவரையும் கூப்பிட்டார். ஷிப்டுப் பதிவேட்டோடு என்னையும் வரச் சொன்னார். பதிவேட்டைப் பிரித்துக் காட்டிவிட்டு ஓரமாக நின்றேன். மானேஜர் கடிதத்தை முழுதும் வாசித்தார். என் எழுத்து அவர் வாயிலிருந்து வரும்போது எனக்கே நல்ல துப்புப் போலத்தான் தோன்றியது.

"என்னப்பா சொல்றே? காசு வாங்குனியா?"

கேப்டன் முந்திக்கொண்டான். "சார், அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல். நாந்தான் கட்டாயப்படுத்தி எறக்குனேன். தப்பு எம்மேல."

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் காய்ச்சலா?"

லெப்ட் பேக் வாயைத் திறந்தான். கேப்டன் அவன் கையைப் பிடித்து அழுத்தியதை நான் பார்த்தேன். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"விடுங்கண்ணே. களவாணிப் பட்டத்தோட எனக்கு அந்த வேலை வேண்டாம்." பிறகு மானேஜரைப் பார்த்துச் சொன்னான்: "சார், நான் விலைபோகல. எனக்கு மாலைக்கண்ணு. பொழுதடைஞ்சா ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருசமா இப்படித்தான் கெடக்கேன்."

அதற்கு மேல் ஒளிக்க எதுவும் இல்லாததால் கேப்டன் எல்லாவற்றையும் சொன்னான். முதல் ஷிப்டை மட்டும் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான். இருட்டினால் சைக்கிள் ஓட்ட முடியாது. தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். இரண்டாம் பாதியில் மேற்கே பார்த்து நின்றால், சூரியன் விழுந்த பிறகும் வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பந்து நிழலாகவாவது தெரியும். அதனால்தான் எதிர்க்காற்று என்றாலும் கிழக்குக் கோலைக் கடைசிக்கு வைத்தான். மிச்சத்தைக் கோலி கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தான். பட்டியல் வருகிற வரைக்கும் எப்படியாவது இவனை மறைத்துவிடுவோம் என்று பதினோரு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். வைத்தியர் ஈரல் தின்னச் சொன்னார். தூத்துக்குடிக் கண்ணாடிக்காரர் அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். பொட்டலத்தில் இருந்தது மீனெண்ணெய் மாத்திரை.

"முன்னைக்கு இப்ப தேவல சார். ஆறு மாசத்துல சரியாயிரும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு" என்றான் லெப்ட் பேக்.

மானேஜர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எனக்குத் தெரியாம இருந்திருந்தா வேற. தெரிஞ்சபிறகு எப்படிப்பா? நிரந்தரம்னா மூணு ஷிப்டும் பாக்கணும். ராத்திரியில மெஷின்ல கையக் குடுத்துட்டேன்னா ஒம் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். மில் டாக்டரிடம் அனுப்பினார். அவர் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். மூன்றாவது பெயரை அடித்துவிட்டுப் பட்டியலை மறுபடி சுத்தப் பிரதி எடுக்க வேண்டிய வேலை என்னிடம்தான் வந்தது. எடுத்தேன். மூன்றாவதாகப் பழக்கத்தில் அவன் பெயரையே எழுதி இரண்டு தாள் வீணாயிற்று.

அவன் தன் வருகை டோக்கனை ஒப்படைக்க வந்தது பட்டப்பகலில். பித்தளை டோக்கனை வேட்டி முனையில் துடைத்து மேஜைமேல் வைத்தான். ஊர்ப்பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பகல் வேலைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். "ஒடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன்.

போகாமல் நின்றான். நேராக என் கண்ணைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை செய்யணும். அந்தக் கடுதாசியை யாரு எழுதுனான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். இந்த மில்லுல ஒங்களுக்குத் தப்பி ஒண்ணும் போகாது."

"பாக்கேன்ப்பா" என்றேன்.

"வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த தை முடிவதற்குள் அவனுக்குக் கண் முழுசாகச் சரியாகிவிட்டது என்று கேப்டன் சொன்னான். ஆனால் அந்த ஆவணிப் பட்டியலுக்குப் பிறகு வேறு பட்டியல் எதுவும் வரவில்லை. நான் அதன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

தெரியாமல்தான் கேட்டிருப்பான் என்று எத்தனையோ தடவை என்னையே சமாதானப்படுத்திப் பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டு வருஷம் இருட்டில் குரலை வைத்தே ஆளையும் பந்தையும் கண்டுபிடித்தவன் அவன். கோட்டைத் தாண்டி வந்து "எவ்வளவுலே வாங்குன" என்று கத்திய குரல் யாருடையது என்று அவனுக்கா தெரியாமல் இருந்திருக்கும்?